தட்டில் விழுந்த எச்சில்

அழைப்பிதழில் இரண்டு பெயர்தான் இருந்தது.

நல்ல கனமான அட்டை, தங்க எழுத்து, மேலே ரட்லிஃப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. 'நாங்கள் கதவைத் திறந்து வைத்து வரவேற்ற முதல் கறுப்பின மாணவியருக்குப் பொன்விழாப் பாராட்டு' என்று தலைப்பு. கீழே வஸ்தி சிங்கிள்டரி, காலஞ்சென்ற அர்னெட்டா பாய்கின். வஸ்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் கார் நிறுத்தும் இடத்துக்கு வழி போட்டிருந்தார்கள். லேமுவேல் கேட்ஸ்டன் என்ற பெயர் அங்கேயும் இல்லை.

"மூணு பேர் போனோம்டா, பாவிகளா! மூணு பேர்!" என்று வெறும் சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். அடுப்பில் கீரை அடிப்பிடித்த வாடை வந்தது. அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

கதவைத் திறந்து வைத்தார்களாம்! அந்தக் கதவு தானாகவா திறந்தது? நீதிமன்றம் கழுத்தைப் பிடித்து நெட்டிய பிறகு, 1963 செப்டம்பரில், வாசலில் போலீஸை நிறுத்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு திறந்தார்கள். தென் கரோலினாவின் இந்த மூலையில் அது தெரியாதவர் யாரும் கிடையாது. தெரியாத மாதிரி இருப்பவர்கள்தான் நிறைய.

மறுநாள் விழா வேலைகளைப் பார்க்கும் பெண் போன் பண்ணினாள். கெய்ட்லின் என்று பெயர். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது, குரலில் சர்க்கரை.

"ஹாய் வஸ்தி! இன்விடேஷன் வந்துச்சா?"

"மிசஸ் சிங்கிள்டரி," என்றாள் வஸ்தி.

"சாரி?"

"என் பேரு உனக்கு மிசஸ் சிங்கிள்டரி. எங்கம்மா வெள்ளைக்காரங்க வீட்ல சமைச்சா. அந்த வீட்டுல தவழ்ற குழந்தைகூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுச்சு. அந்த வழக்கம் அவளோட செத்துப்போச்சு. புரியுதாம்மா?"

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மிசஸ் சிங்கிள்டரி."

"சரி. லேமுவேல் கேட்ஸ்டன் பேரு எங்க?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "அவர் வந்து... நன்னடத்தையோட படிப்பை முடிக்கலைன்னு பதிவுல இருக்கு. அதனால..."

"நன்னடத்தையா!" என்றாள் வஸ்தி. முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்த குரல் அது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். அதோடு போனை வைத்துவிட்டாள்.

லேமுவேலின் நடத்தை என்ன என்று அவளைக் கேட்கட்டும், சொல்வாள்.

மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சபை. எங்கள் நேபோ மலை பாப்டிஸ்ட் சபைதான். அவர்கள் கல்லூரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை சபையே எழுந்து நின்று ஜெபித்து அனுப்பியது. அர்னெட்டா சாது, சத்தமாகக் கூடப் பேசமாட்டாள். வஸ்தி அப்போதே வாய்க்காரி. 'பைபிள்ல ராஜா கூப்பிட்டே வராத ராணி பேரை வச்சா அப்படித்தான் இருக்கும்' என்று பாஸ்டர் கேலி செய்வார். லேமுவேல் நெடுநெடுவென்று வளர்ந்த பையன், கணக்கில் புலி, பாலம் கட்டும் இன்ஜினியராக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆற்றைப் பார்த்தால் போதும், எங்கே தூண் நிற்கும் என்று ஆரம்பித்துவிடுவான். பாட்டுக் குழுவில் இவன் பக்கத்தில் நிற்க இடம் பிடிக்கப் பெண்களுக்குள் சண்டை வரும்.

ரட்லிஃபில் அவர்களை யாரும் முதலில் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. ஆள் இல்லாத மாதிரி நடத்தினார்கள். வகுப்பில் அவர்களைச் சுற்றி ஒரு வரிசை நாற்காலி காலியாகக் கிடக்கும். கேள்வி கேட்டால் பேராசிரியர் ஜன்னலைப் பார்ப்பார். சாப்பாட்டுக் கூடத்தில் இவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால், அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அத்தனை பெரிய கூடத்தில் மூன்று பேருக்கு ஒரு மேசை. சமையல்கட்டில் இருந்த பெண்கள் எல்லாம் நம் ஆட்கள். அவர்கள்தான் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டும்போது நல்ல துண்டாகப் பார்த்து வைத்து, "நிமிந்து உக்காந்து சாப்பிடு கண்ணு. அவசரப்படாத. நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்பார்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நவம்பர் மாதத்து மத்தியானத்தில் நடந்ததையும் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சோறும் கோழிக் குழம்பும். ஹாலிஸ் கிம்ப்ரெல் என்று ஒருவன், மரம் அறுக்கும் ஆலைக்காரன் மகன், கூட்டாளிகளோடு அந்த வழியாக வந்தான். வஸ்தியின் மேசை அருகே நின்றான். தொண்டையைக் காறினான். அவள் தட்டில், சோற்றின் நடுவில், துப்பினான். யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். வஸ்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பின்மேல் அது மிதந்தது. இன்றைக்கும் சில நாள் சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்கு அது தெரியும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

லேமுவேல் முள்கரண்டியை வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். எழுந்தான். ஒரே அடி. கிம்ப்ரெலின் தாடை உடைந்த சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. அங்கே நின்ற பெண்களில் ஒருத்தி தன்னை மறந்து "ஆமென்!" என்று சொல்லிவிட்டாள்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அறங்காவலர் குழுவிலிருந்து ஐந்து வெள்ளைக்காரர்கள், நீள மேசை, சுருட்டுப் புகை. லேமுவேல் நடந்ததைச் சொன்னான். வஸ்தி சொன்னாள். சாதுவான அர்னெட்டா கூட, "துப்பினாங்க ஐயா, என் கண்ணால பாத்தேன்" என்றாள். சமையல்கட்டுப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. மேசையின் நடுவில் இருந்தவர் வஸ்தியைப் பார்த்து, "ஏ பொண்ணு, நீ பயத்துல ஏதேதோ கற்பனை பண்ணிக்கிட்ட" என்றார். தீர்ப்பு அரை மணியில் வந்தது. காரணமே இல்லாமல் சக மாணவனைத் தாக்கினான். கல்லூரியை விட்டு நீக்கம். திரும்பச் சேர்க்கை இல்லை. எச்சில் என்ற ஒன்று விழவே இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் எச்சிலையே சோற்றில் மறைத்துவிட்டார்கள்.

பிறகு என்ன? பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடித்த காலம் அது; கல்லூரியில் படிக்கிற பையனைத் தொடாது. வெளியே தள்ளப்பட்டவனைத் தேடி வந்து தூக்கும். வியட்நாமில் பாலங்களை வெடி வைத்துத் தகர்ப்பதுதான் லேமுவேலுக்குக் கிடைத்த வேலை. திரும்பி வந்தபின் எந்தக் கல்லூரியும் அவனை எடுக்கவில்லை. 'வெள்ளைக்காரப் பையனை ஒரு காரணமும் இல்லாமல் அடித்த முரடன்' என்ற பெயர் ஊர் ஊராக அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. காகித ஆலையில் கூழ்த் தொட்டி கிளறி, அங்கேயே தலை நரைத்தது. வஸ்தியும் அர்னெட்டாவும் நான்கு வருஷம் அந்த நரகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டம் வாங்கினார்கள். லேமுவேல் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "நீயும் வெளிய வந்துடாத வஸ்தி. வந்தீன்னா நான் அடிச்ச அடி வீணாப்போயிடும்." அவள் வரவில்லை. அந்தக் கோபத்தை அடக்கி அடக்கித்தான் அவளுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது என்று நாங்கள் சொல்வோம். டாக்டர் உப்பு என்கிறார்.

அழைப்பிதழைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பல்கலைக்கழகத் தலைவரைப் பார்க்கப் போனாள். டாக்டர் விட்டேக்கர். வடக்கிலிருந்து வந்தவர். வாசல் வரை வந்து அழைத்துப் போனார், குளிர்ந்த தேநீர் கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"மிசஸ் சிங்கிள்டரி, உங்க உணர்வு எனக்கு முழுசாப் புரியுது."

"புரிஞ்சா பேரை எழுதுங்க."

"பாருங்க, நாங்க அவரை மறக்கலை. ஒரு வழி யோசிச்சிருக்கோம்." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். லேமுவேலுக்கு ஒரு கௌரவப் பட்டம். 'பரஸ்பர மன்னிப்பின் அடையாளமாக' என்று அதில் போட்டிருந்தது.

வஸ்தி அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "பரஸ்பரம்னா? இவன் அவங்களை மன்னிக்கணும், சரி. அவங்க இவனை எதுக்கு மன்னிக்கணும்?"

"ஒருத்தருக்குத் தாடை உடைஞ்சிருக்கே அம்மா."

"ஏன் உடைஞ்சுதுன்னு எழுதியிருக்கா?"

தலைவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். மென்று விழுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் மென்றார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மிஸ்டர் கிம்ப்ரெல் இப்போது அறங்காவலர் குழுவில் இருக்கிறார். பெரிய மனசு அவருக்கு. வஸ்தி, அர்னெட்டா பெயர் பொறித்த நினைவுக்கல்லை நடுவதற்கு அவர்தான் ஒரு தோட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறார். கிம்ப்ரெல் நல்லிணக்கத் தோட்டம்.

சோற்றில் துப்பியவன் பெயரில் தோட்டம், அதற்குள் அவள் பெயரில் கல்! பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற கதை. வஸ்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சாத்தான் வேதம் ஓதுதுன்னு கேட்டிருக்கேன்," என்றாள். "தோட்டம் போடுதுன்னு இப்பத்தான் கேக்கறேன்."

"அவர் மனசுல எந்தக் காழ்ப்பும் இல்லை. பழசை மறந்துட்டார்."

"துப்பினவன் மறப்பான் டாக்டர். அவனுக்கென்ன, வாய் காலியாச்சு." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எங்க சபையில தப்புப் பண்ணினவனை விலக்குவோம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஓட்டுப் போட்டு விலக்குவோம். ஒருதரம் எங்கப்பாவை விலக்கினாங்க, கள்ளச்சாராயம் வித்தார்னு. அப்புறம் வித்தது சபைப் பெரியவர் ஒருத்தர், ஒரு டீக்கனோட மச்சான்னு தெரிஞ்சுபோச்சு. டீக்கன்மாரெல்லாம் சாயங்காலமா கேக் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. 'நாங்க எல்லாத்தையும் மறந்துட்டோம் பிரதர், ஞாயித்துக்கிழமை வந்துடுங்க'ன்னாங்க. எங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'நீங்க மறக்கறதுக்கு நான் என்ன பண்ணினேன்? எந்த இடத்துல எந்திரிச்சு நின்னு என்னைத் தள்ளினீங்களோ, அங்கயே எந்திரிச்சு நின்னு, சொன்னது பொய்னு சொல்லுங்க. அப்ப வர்றேன்'னார். சொன்னாங்க. அப்புறம்தான் போனார். அந்த மாதிரி சொல்லுங்க. பட்டமெல்லாம் யாருக்கு வேணும்?"

"சட்ட ரீதியா அதுல சில சிக்கல் இருக்கு," என்றார் தலைவர். "ஒரு கமிட்டி போட்டுப் பார்க்கலாம்."

"அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. கமிட்டி பாக்கற வரைக்கும் அவன் இருக்கமாட்டான்."

"ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார் அவர். வருத்தப்பட்டுக்கொண்டே வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அங்கிருந்து நேரே டயாலிசிஸ் நிலையத்துக்கு வண்டியை விட்டாள். லேமுவேல் சாய்வு நாற்காலியில் கிடந்தான். பக்கத்தில் ரத்தம் போய் வரும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அந்த நெடுநெடு உடம்பு வற்றிப்போய்விட்டது. கை மட்டும் இன்னும் பெரிய கை.

வஸ்தி எல்லாவற்றையும் கொட்டினாள். அழைப்பிதழ், தோட்டம், பரஸ்பர மன்னிப்பு, ஒன்று விடவில்லை. "நான் போகப்போறதில்ல. அந்தக் கல்லை அவன் தலையிலயே போட்டுக்கட்டும்!"

லேமுவேல் சிரித்தான். "ஏய், மெதுவா. நர்ஸம்மா உனக்கும் ஒரு ஊசி போட்டுடப்போறா."

"உனக்குக் கோவமே வரலையா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "வரலையா? வஸ்தி, எங்கம்மா சாகற வரைக்கும் என்னை ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா. 'நிசமாவே துப்பினானாப்பா? இல்ல நீதான் கை நீட்டிட்டியா?' என் சொந்த அம்மா. அவ்வளவு பெரிய காலேஜு பொய் சொல்லுமான்னு அவளுக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடயே போயிட்டா. இப்ப என் பேரப்புள்ளைங்களும் அதே மாதிரி என் மூஞ்சியைப் பாக்குதுங்க." இயந்திரத்தின் குழாயைப் பார்த்தான். "பட்டத்தை வச்சு நான் என்ன செய்யப்போறேன், சவப்பெட்டிக்குள்ள போட்டுக்கறதுக்கா? நடந்தது நடந்துச்சுன்னு அவங்க வாயால ஒரு தரம் சொல்லணும். நான் காதால கேக்கணும். அவ்வளவுதான். நீ போ. என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

"நீ எதுக்கு அங்க வந்து அவமானப்படணும்?"

"நீ மைக்கு முன்னாடி நிக்கறதைப் பாக்க வேண்டாமா? அம்பது வருஷமா அடக்கி வச்சிருக்க. இலவசமாப் பாக்கக் கிடைக்கறதை விடுவேனா?"

விழாவுக்கு வஸ்தி தனியாகப் போகவில்லை. நேபோ சபையே போனது. பேருந்து பிடித்து, தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு பெண்கள், வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக எங்கள் வாசல் சேவகர்கள், அவர்களுக்குத் தலைவராக டீக்கன் ஓதிஸ். சவ அடக்கக் கடைக்காரர் விளம்பரத்துக்குச் சபையில் கொடுத்த அட்டை விசிறிகளையும் எடுத்துப் போனோம். பழைய சாப்பாட்டுக் கூடத்தைத்தான் பளிங்கு போட்டு விருந்து மண்டபம் ஆக்கியிருந்தார்கள். பாதி மண்டபம் எங்கள் ஆட்கள். மீதியில் மாணவர்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள். லேமுவேலைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து முன்வரிசை ஓரத்தில் விட்டோம். கெய்ட்லின் ஓடிவந்து, "இவர் பேர் எங்ககிட்ட இல்லையே..." என்று இழுத்தாள். டீக்கன் ஓதிஸ் கையுறையைச் சரிசெய்துகொண்டு, "தெரியும்மா. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார்.

மேடையில் அறங்காவலர்கள் ஏழு பேர், தலைவர், அர்னெட்டாவின் மகள் டெலோரிஸ், வஸ்தி. ஹாலிஸ் கிம்ப்ரெல் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலைமுடி, சிவந்த கழுத்து, தாடை லேசாக ஒருபக்கம் கோணியிருந்தது. வஸ்தி மேடை ஏறியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தார். அவள் கைப்பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பையைக் கட்டிப்பிடித்தார். கேமராக்கள் அதை எடுத்தன.

தலைவர் பேசினார். காயம் ஆறுகிறது என்றார், பாலம் என்றார், நம் எல்லோருடைய பயணம் என்றார். 'நம் எல்லோருடைய' என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கத்திலிருந்து விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கடைசியில், "இரண்டு நிமிஷம் மிசஸ் சிங்கிள்டரி பேசுவார்" என்றார்.

வஸ்தி மைக்கைப் பிடித்தாள். மண்டபத்தை ஒவ்வொரு தூணாகக் கண்ணால் அளந்தாள்.

"நிதானமா, அக்கா. அவசரமில்ல," என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். எங்கள் சபையில் ஒருத்தர் பேச நின்றால் அப்படித்தான் சொல்வோம். சொல்லிவிட்டால் இரண்டு நிமிஷக் கணக்கெல்லாம் செல்லாது.

"இதே கூடம்," என்றாள் அவள். "அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்துல எங்க மேசை. ஒருநாள் மத்தியானம் என் சோத்துல ஒருத்தன் காறித் துப்பினான். யாருன்னு நான் சொல்லப்போறதில்ல. அவனுக்கே தெரியும்."

"சொல்லு சிஸ்டர்!" என்றது எங்கள் பக்கம்.

"என் பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சு ஒரு அடி அடிச்சான். அந்த ஒரு அடிக்காக அவன் வாழ்க்கையையே இவங்க எடுத்துக்கிட்டாங்க. எடுத்துக்கிட்டதுகூடப் பெரிசில்ல. துப்பவே இல்லைன்னு எழுதி வச்சாங்க. நான் பொய் சொன்னேன்னு எழுதினாங்க. அர்னெட்டா பொய் சொன்னான்னு எழுதினாங்க. இன்னிக்கு வரைக்கும் அது மாறல." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், அர்னெட்டா செத்துட்டா. அவ மக இங்க உக்காந்திருக்கு. அவ பேரைக் கல்லுல வெட்டியிருக்கீங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு பதில் சொல்லுங்க. அவங்கம்மா பொய்க்காரியா, இல்லையா?"

டெலோரிஸ் தலைவரையே பார்த்தாள். தலைவர் எழுந்தார். "இன்னிக்குக் கொண்டாட்டமான நாள். இந்த விஷயத்தைத் தகுந்த சமயத்துல..."

"தகுந்த சமயம் அம்பது வருஷமா வரலை. ஆமாம்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க!"

கெய்ட்லின் மூலையிலிருந்து யாருக்கோ சைகை காட்டினாள். இசை ஆரம்பித்தது, வயலின். வஸ்தி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வயலின் நின்றுவிட்டது.

கிம்ப்ரெலின் கழுத்துச் சிவப்பு காது வரைக்கும் ஏறியிருந்தது. அவரும் எத்தனை நேரம்தான் பொறுப்பார்? அவர் காசில் போட்ட தோட்டம், அவர் காசில் போட்ட சாப்பாடு, நன்றி சொல்ல வேண்டிய வாய் இப்படிப் பேசினால்? படக்கென்று எழுந்தார்.

"போதும் நிறுத்து! எத்தனை நாளைக்கு இதையே பேசுவீங்க? சின்னப் பையன் விளையாட்டு அது! கொஞ்சம் எச்சில், வெறும் எச்சில்! அதுக்கு அவன் என் தாடையை உடைச்சான்! ஆறு வாரம் நான் குழாய் வச்சு உறிஞ்சித்தான் சாப்பிட்டேன், தெரியுமா உனக்கு?"

விசிறிகள் நின்றுவிட்டன. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது கிம்ப்ரெலுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் வஸ்தி. அவள் குரல் உச்சத்துக்கு ஏறியது. சந்தோஷமில்லை அது, அத்தனை வருஷக் கோபமும் ஒரே வழியாக வெளியே வர முண்டியது. "வெறும் எச்சிலாம்! அந்த வெறும் எச்சிலை ஒத்துக்கிட்டிருந்தா அவன் பாலம் கட்டியிருப்பான்! அவங்கம்மா நிம்மதியாச் செத்திருப்பா!" மேடையைப் பார்த்துத் திரும்பினாள். "இந்தக் குழுதான் அவனை வெளிய தள்ளுச்சு. ஆளு மாறலாம், நாற்காலி அதேதான். சொன்னது பொய்னு ஒத்துக்கறவங்க எந்திரிச்சு நில்லுங்க. நான் இங்கயேதான் நிப்பேன். எனக்கு வீட்ல வேலை ஒண்ணும் இல்ல."

கூட்டத்தில் மாணவர்கள் சிலர் கைதட்டிக்கொண்டு எழுந்தார்கள். டீக்கன் ஓதிஸ் வெள்ளைக் கையுறையைத் தூக்கி அமர்த்தினார். "உக்காருங்க தம்பிகளா. தள்ளினது நீங்க இல்ல. தள்ளினவங்கதான் நிக்கணும்." நாங்களும் உட்கார்ந்தே இருந்தோம். ஒரு தொப்பி அசையவில்லை.

காத்திருந்தோம். காத்திருக்கிற வேலையை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு அறங்காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவரோரம் நின்ற வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தரையைப் பார்த்தார். கடைசியில் ஓரத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள், அறங்காவலர்களில் மூத்தவர், கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர். பிறகு இன்னொருவர். ஒவ்வொருவராக ஆறு பேர்.

"நின்னா போதாது," என்றாள் வஸ்தி. மைக்கைத் தலைவர் பக்கம் திருப்பினாள்.

டாக்டர் விட்டேக்கர் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "லேமுவேல் கேட்ஸ்டன்," என்றார்.

"மிஸ்டர்," என்றாள் வஸ்தி.

"மிஸ்டர் லேமுவேல் கேட்ஸ்டனைப் பத்தி இந்தப் பல்கலைக்கழகம் சொன்னது..." எச்சில் கூட்டி விழுங்கினார். "சொன்னது பொய். மிசஸ் சிங்கிள்டரியும் மிசஸ் பாய்கினும் சொன்னதுதான் உண்மை."

டெலோரிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்வரிசையில் லேமுவேலின் பேரப்பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. பெரிய கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி இருந்தான். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

அறங்காவலர்களில் ஒரே ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கோணத் தாடையை இறுக்கிக்கொண்டு, ஹாலிஸ் கிம்ப்ரெல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வஸ்தி விடுகிற ஜாதியா? அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீயும் எந்திரி," என்றாள். "உன்னாலதானே எல்லாம். எந்திரிடா!"

அப்போதுதான் லேமுவேல் வாயைத் திறந்தான். மைக் இல்லை, மூச்சும் அவ்வளவாக இல்லை. இருந்தாலும் அந்த அமைதியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"விடு வஸ்தி, உக்காந்திருக்கட்டும்," என்றான். "அவனுக்குச் சேர வேண்டியதை நான் அன்னிக்கே குடுத்துட்டேன்."